சோழர் பெயர் சுமக்கும் எரிமலை ஊர்கள்



"எரிமலை அடிவாரத்தில் சோழர் வாரிசுகள்" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உண்மையா என்று சிலர் கேட்டீர்கள். அதில் மெய்யும் உண்டு, மிகையும் உண்டு. பிரித்துச் சொல்கிறேன்.

மலையின் பெயர் சினாபுங். இந்தோனேசியாவின் வடக்குச் சுமத்ராவில், கரோ மேட்டுநிலத்தில் இருக்கிறது. உயரம் சுமார் 2,460 மீட்டர். நம் மலைக்கோட்டையைப் போல ஏறக்குறைய 30 மடங்கு. சுற்றுவட்டாரத்தில் பெராஸ்தகி, கபன்ஜஹே என்ற சிறு நகரங்கள். மலையை ஒட்டி, எரிமலை மண்ணின் வளத்தில் காய்கறியும் ஆரஞ்சும் விளைவிக்கும் கிராமங்கள்.

கரோ மக்களிடையே ஐந்து பெருங்குலங்கள் உண்டு. ஒன்றின் பெயர் செம்பிரிங். அதன் உட்பிரிவுகள் சிலவற்றை வாய்விட்டுப் படியுங்கள்: சோலியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா. சோழர், பாண்டியர், பல்லவர், மலையாளம் என்று நம் காதில் விழுகிறதல்லவா? ஆய்வாளர்களும் அப்படித்தான் கருதுகிறார்கள். இக்குலத்தில் ஒரு பிரிவினர் இறந்தோரின் சாம்பலைச் சேர்த்துவைத்து, சிறு படகுகளில் ஏற்றி, லாவ் பியாங் ஆற்றில் மிதக்கவிடும் சடங்கை முன்பு நடத்திவந்தார்கள். அம்மா மண்டபப் படித்துறையில் அஸ்தி கரைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்று கரோ மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். பெயர்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

இந்தப் பெயர்கள் அங்கே போனது எப்படி? உடனே ராஜேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பைச் சொல்லிவிடுகிறோம். ஆனால் படை வந்தவழியே திரும்பிவிட்டது. தங்கியவர்கள் வணிகர்கள். சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் அருகே லோபு துவா என்ற இடத்தில் 1873இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் 1088இல் பொறித்தது. பாருஸ், கற்பூரத்துக்குப் பேர்போன துறைமுகம். ஸ்ரீரங்கத்தில் பெருமாள் தீர்த்தத்தில் மணக்கிறதே பச்சைக் கற்பூரம், அந்த வகைச் சரக்குதான். ஆகவே வணிகத் தொடர்பு உறுதி. செம்பிரிங் மக்கள் சோழ அரச வம்சம் என்பதற்குச் சான்று இல்லை. பெருமை தருகிறது என்பதற்காக ஒன்று வரலாறாகிவிடாது.

அந்தச் செய்தியில் இல்லாத பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1600க்குப் பிறகு சினாபுங் வெடித்ததாகப் பதிவே கிடையாது. அதனால் அரசு அதை 'பி' வகை எரிமலைகளில் சேர்த்திருந்தது, தொடர்ந்து கண்காணிக்கவில்லை. 2010 ஆகஸ்ட் இறுதியில் அது விழித்துக்கொண்டது. 2013 செப்டம்பரில் மீண்டும் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் குமுறியது. 2014 பிப்ரவரி 1 அன்று சுக்காமேரியா கிராமத்தில் நெருப்புச் சாம்பல் மேகம் இறங்கிக் குறைந்தது 14 பேர் இறந்தார்கள். 2016 மே மாதம் கம்பெர் கிராமத்தில் 7 பேர். தடை செய்யப்பட்ட பகுதி என்று தெரிந்தும், பயிரை விட மனமில்லாமல் போனவர்கள். சுக்காமேரியா, பெகெரா, சிமாசெம் ஆகிய மூன்று ஊர்களையும் சியோசார் என்ற இடத்துக்கு நிரந்தரமாகப் பெயர்த்துவிட்டார்கள்.

கடல் கடந்து வந்த ஒரு பெயரை 900 ஆண்டுகளாகக் காப்பாற்றிய மண்ணில், தலைக்கு மேலிருந்த நெருப்பின் நினைவு 400 ஆண்டுகளில் அழிந்துபோனது. பெயரைத் தினமும் கூப்பிடுகிறோம், அதனால் நிலைக்கிறது. ஆபத்தை யாரும் தினமும் கூப்பிடுவதில்லை.

நமக்கு எரிமலை இல்லை. காவிரியும் கொள்ளிடமும் இருக்கின்றன. கோரையாறும் குடமுருட்டியும் இருக்கின்றன. 1924 வெள்ளத்தைப் பார்த்தவர்கள் போய்விட்டார்கள். 1977 நவம்பரில் திருச்சி மூழ்கியதைக் கண்டவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். எந்தத் தெருவில் எந்தப் படிவரை தண்ணீர் ஏறியது என்று கேட்டு எழுதிவையுங்கள். மனை வாங்கும் முன் அந்தக் குறிப்பைப் பாருங்கள். முடிந்தால் இங்கேயும் பதிவிடுங்கள். நான் தொகுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்