ஃபிமோ

நகப்பூச்சின் மேல் பதிக்கும் பூ, பழ வில்லைகளுக்கு அழகுப்பொருள் கடைகளில் வழங்கும் பெயர் ஃபிமோ. ஒரு செல்லப்பெயரிலிருந்து பிறந்த சொல் இது. ஜெர்மனியின் புகழ்பெற்ற பொம்மைக் கலைஞர் கேத்தே க்ரூஸேயின் மகள் சோஃபியை ‘ஃபிஃபி’ என்றே அழைத்தார்கள். அவர் உருவாக்கிய, அடுப்புச் சூட்டில் இறுகும் செயற்கைக் களிமண்ணை 1964இல் எபர்ஹார்ட் ஃபாபர் நிறுவனம் வாங்கியது. ஃபிஃபியின் ‘ஃபி’யும் மொசைக்கின் ‘மோ’வும் சேர்ந்து ஃபிமோ ஆயின. ஒரு பெண்ணின் கைவேலை பெயரிலேயே நிலைத்துவிட்டதில் எனக்குப் பெருமகிழ்ச்சி.

வில்லை செய்ய, பல நிறக் களிமண்ணைப் பூ வடிவம் வரும்படி அடுக்கி, உருட்டி, நீளமாக இழுத்தால் உள்ளிருக்கும் பூ உருக்குலையாமல் சிறுக்கும். பிறகு சுட்டு, இளஞ்சூடாக இருக்கும்போதே மெல்லிய அலகால் அரிய வேண்டும். தடித்த வில்லை நகத்தின் வளைவில் படியாது. இன்று வேறு நிறுவனக் களிமண்ணில் அரிந்தாலும் ஃபிமோ என்றே கேட்டு வாங்குகிறார்கள்.