வரிகளுக்கு இடையே

அம்பத்தூரில் என் இல்லத்தருகே வாழும் கல்லூரி மாணவி ஒருத்தி, தன் ஆய்வேட்டின் சில பக்கங்களைத் திருத்தித் தருமாறு கொணர்ந்தாள். கணிப்பொறியில் அச்சிட்ட அப்பக்கங்களில் 'கி', 'தீ' முதலிய எழுத்துகளின் மேல்விலங்குகள் பாதி வெட்டுண்டு கிடந்தன. காரணம் யாது? பக்கங்களைக் குறைக்க எண்ணிய அம்மாணவி, எழுத்தின் அளவையும் வரியின் உயரத்தையும் ஒன்றாகவே 12 பாயிண்ட் என நிறுத்திவிட்டாள். 72 பாயிண்ட் கொண்டது ஓர் அங்குலம்.

தமிழ் எழுத்து மேலும் வளரும், கீழும் இறங்கும். மெய்யெழுத்தின் புள்ளி தலைக்கு மேல் நிற்கிறது. 'கு', 'மூ' ஆகியவற்றின் கீழ்விலங்குகள் அடியில் தொங்குகின்றன. ஆகவே, மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் மோதாதிருக்க இடைவெளி வேண்டும்.

இவ்விடைவெளி பண்டு வெற்றிடமன்று, உலோகம். அச்சுக்கோப்போர் வரிக்கும் வரிக்கும் நடுவே மெல்லிய ஈயத் தகடுகளைச் செருகினர். ஆங்கிலத்தில் வரி இடைவெளிக்கு இன்றும் வழங்கும் 'லெடிங்' என்னும் பெயர், ஈயத்தைக் குறிக்கும் 'லெட்' என்னும் சொல்லினின்று பிறந்ததே.

இடத்தைச் சுருக்க வேண்டிய நெருக்கடி நம் நாட்டு அச்சுக்கலைக்குப் பண்டே நேர்ந்தது. செர்மானிய நாட்டு ஆலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் தரங்கம்பாடிக்கு வந்தன. அவை அளவிற் பெரியவை. தாளை மிகுதியாக விழுங்கின. தாளோ கடல் கடந்து வரவேண்டிய அரும்பொருள். சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு முழுவதும் அச்சேறுமா என்ற ஐயம் எழுந்தது. அச்சகத்தார் வரிகளை நெருக்கி எழுத்தைச் சிதைக்கவில்லை. எழுத்தையே சிறிதாகப் புதிதாக வார்த்தனர். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக் கட்டிகளின் ஈய உறைகளை உருக்கி அவ்வெழுத்துகளை வார்த்தனர் என்று சொல்லப்படுகிறது. 1715இல் நூல் நிறைவெய்தியது.

பின்னர்ச் சென்னையும் இக்கலையில் தலைசிறந்தது. 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமானபின், அங்கிருந்த அச்சுப்பொறி பப்ரீசியசு என்னும் செர்மானியப் பாதிரியாரின் பொறுப்பில் வேப்பேரிக்கு வந்தது. அடுத்த நூற்றாண்டில் அமெரிக்க மிஷன் அச்சகத்தின் அண்ட் என்பவர், சிறியனவாயினும் தெளிவான தமிழ் எழுத்துகளை உருவாக்கினார். 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட வின்சுலோ அகராதி 1862இல் ஒரே நூலாய் வெளிவந்தது அத்தகைய எழுத்தின் துணையாலேயே.

இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்துவது ஒன்றே: இடம் போதாதபோது முன்னோர் எழுத்தின் உருவைத் திருத்தினர்; படிப்போர் கண்ணுக்குரிய இடத்தைக் கவரவில்லை.

ஈயத் தகடு செய்த வேலையை இன்று விரல்நுனி செய்கிறது. எளிதாகிவிட்டதால் நாம் அதனைப் பொருட்படுத்துவதில்லை. அம்மாணவி வரியின் உயரத்தை 18 பாயிண்டாக மாற்றினாள். விலங்குகள் முழுமையாய்த் தோன்றின. பக்கங்கள் கூடின. அதனை ஈடுசெய்ய, வேண்டாத சொற்களை நீக்கினாள். ஏடும் செம்மை பெற்றது.

மாணவர்களே, பக்கம் நிறைந்துவிட்டால் முதலில் உங்கள் சொற்களைச் சுருக்குங்கள். வரிகளுக்கு இடையே உள்ள இடத்தைப் படிப்பவருக்கே விட்டுவிடுங்கள்.