டிராக்டர் டிரெய்லர் டயர்: பிளை எண்ணும் பாரம் தாங்கும் திறனும்

டிரெய்லருக்கு டயர் வாங்கும்போது பெரும்பாலான விவசாயிகள் கேட்பது, “எத்தனை பிளை?” என்பதுதான். பிளை கூடிய டயரைப் போட்டுவிட்டால் எவ்வளவு பாரமும் ஏற்றலாம் என்று எண்ணுவது தவறு. பாரத்தோடு சாலையில் போகும்போது டயர் வெடித்தால் வண்டி கவிழ்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.

பிளை எண் என்றால் என்ன?

டயரின் பக்கவாட்டில் 9.00-16, 16 பி.ஆர். என்று இருந்தால், 9.00 என்பது டயரின் அகலம் (அங்குலம்), அடுத்த 16 என்பது ரிம்மின் விட்டம் (அங்குலம்), 16 பி.ஆர். என்பது பிளை எண். முன்பு பருத்தி நூல் அடுக்குகளைக் கொண்டு டயர் செய்தபோது, இந்த எண் அடுக்குகளின் எண்ணிக்கையையே குறித்தது. இப்போதுள்ள நைலான் நூல் அதைவிட வலுவானது. எனவே 16 பி.ஆர். டயரில் 16 அடுக்குகள் இருக்காது. அதற்கு ஈடான வலு இருக்கும்.

பாரத்தைத் தாங்குவது காற்று

ஒரே அளவுள்ள இரண்டு டயர்களில் பிளை கூடியது, அதிகக் காற்றழுத்தத்தைத் தாங்கும். அந்த அழுத்தத்தை நிரப்பினால்தான் கூடுதல் பாரம் ஏற்றலாம். 16 பி.ஆர். டயரில் 12 பி.ஆர். டயருக்கு உரிய காற்றையே நிரப்பினால், அது ஏறக்குறைய அதே பாரத்தைத்தான் தாங்கும். காற்று குறைந்தால் பக்கவாட்டுச் சுவர் மடிந்து மடிந்து சூடேறி, உள்ளே நூலடுக்கு பிரிந்து டயர் வெடிக்கும்.

எத்தனை கிலோ தாங்கும்?

சில டயர்களில் 130 ஏ8 என்பது போல எழுதியிருக்கும். இதில் 130 என்பது பாரக் குறியீடு. 120 என்றால் 1,400 கிலோ, 130 என்றால் 1,900 கிலோ, 140 என்றால் 2,500 கிலோ. ஏ8 என்றால் மணிக்கு 40 கி.மீ. வேகம் வரை. இந்தக் குறியீடு இல்லாத டயருக்கு, டயர் நிறுவனத்தின் பார அட்டவணையை விற்பனையாளரிடம் கேட்டுப் பெறுங்கள்.

எளிய கணக்கு

நான்கு சக்கர டிரெய்லரின் வெற்று எடை 1.5 டன், ஏற்றும் பாரம் 6 டன் என்றால் மொத்தம் 7.5 டன். ஒரு டயருக்கு 1,875 கிலோ. குறியீடு 130 போதும் போலத் தோன்றும். ஆனால் பாரம் எப்போதும் நான்கு டயர்களிலும் சமமாக அமையாது. மேடு பள்ளத்தில் ஒரு பக்கம் சாயும். எனவே 140 குறியீடுள்ள டயரே பாதுகாப்பானது. பாரத்தை உத்தேசமாகக் கணக்கிடாமல் எடை மேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.

கவனிக்க வேண்டியவை

* ஒரே அச்சில் வெவ்வேறு அளவோ பிளை எண்ணோ உள்ள டயர்களைப் போடக் கூடாது.
* டயர் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே காற்றை அளக்க வேண்டும்.
* டயருக்கும் ரிம்முக்கும் குறிப்பிட்ட அழுத்தத்தை மீறிக் காற்று நிரப்பக் கூடாது.
* டிராக்டரின் பின்சக்கரத்துக்கு வயலில் காற்று குறைவாகவும், சாலையில் பாரம் இழுக்கும்போது கூடுதலாகவும் இருக்க வேண்டும். இரண்டு அளவும் டிராக்டர் கையேட்டில் உள்ளபடி இருக்கட்டும். வயலில் காற்று மிகுந்தால் மண் இறுகும், சக்கரம் வழுக்கும், டீசலும் வீணாகும்.
* டயரில் உள்ள நான்கு இலக்கத் தேதிக் குறியைப் பாருங்கள். 2423 என்றால் 2023-ஆம் ஆண்டின் 24-ஆவது வாரத்தில் தயாரானது.

டயர் எவ்வளவு வலுவாக இருந்தாலும், டிரெய்லரின் அச்சுக்கும் பதிவுச் சான்றுக்கும் உரிய எடையை மீறிப் பாரம் ஏற்றக் கூடாது.