திரவியகுணமும் சமூக வரலாறும்: மருதமுனைக் கரையோரத்தை முன்னிறுத்திய ஒரு நோக்கு

1

தெற்கே பாண்டிருப்பு, வடக்கே பெரியநீலாவணை ஆகிய தமிழூர்களுக்கு நடுவே, கல்முனைக்கு வடபால் அமைந்தது மருதமுனை. கைத்தறி நெசவாலும் புலவர் மரபாலும் பெயர்பெற்ற இம்முஸ்லிம் ஊரிலும், அதன் இருபுறத்துத் தமிழூர்களிலும், பிள்ளை பெற்ற பெண்ணுக்கு மிளகு, சுக்கு, திப்பிலி, மஞ்சள், உள்ளி முதலியவற்றை அரைத்துச் சரக்குக்கறி ஆக்கிக் கொடுத்தல் நெடுநாள் வழக்கமாகும். இன்னது சூடு, இன்னது குளிர், இன்னது வாய்வு, இன்னது கிரந்தி என உணவையும் மருந்தையும் பகுத்துப் பேசும் சொற்களும் இரு சாராருக்கும் பொதுவானவை. 1969–71 காலப்பகுதியில் அக்கரைப்பற்றில் கள ஆய்வு நிகழ்த்திய மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, உடற்சூடு பற்றிய கருத்துகள் இப்பிரதேசத் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் பெரிதும் ஒத்திருந்தமையைப் பதிவுசெய்துள்ளார்.

சமயத்தால் வேறுபட்ட இரு சமூகத்தார் பொருள்களின் குணம்பற்றி ஒரே மொழியிற் பேச நேர்ந்தது எவ்வாறு? பண்டைய மருத்துவத்தைத் தத்தம் சமயத்தின் அல்லது இனத்தின் தனிச்சொத்தாக உரிமைகோரும் போக்கு வலுத்துள்ள இன்றைய சூழலில், இவ்வினாவுக்கு வரலாற்றடிப்படையில் விடைகாண்பது அவசியமாகின்றது. அதற்கு முதற்கண், திரவியகுணக் கோட்பாடு யாது என்பதைச் சுருக்கமாக நோக்குவோம்.

2

ஆயுர்வேத நூல்கள் ஒரு பொருளின் மருத்துவப் பயனை ஐந்து நிலைகளில் வைத்து ஆராய்கின்றன. அவை சுவை, குணம், வீரியம், விபாகம், பிரபாவம் என்பன. சித்த மருத்துவம் இவற்றையே சுவை, குணம், வீரியம், பிரிவு, மகிமை எனக் கூறும். இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கார்ப்பு, கைப்பு, துவர்ப்பு என்பன அறுசுவைகள். கனம்–இலேசு, நெய்ப்பு–வறட்சி என்றாற்போல எதிரெதிரான பத்து இணைகளாக அமைந்த இருபதும் குணங்கள். வீரியம் பெரும்பாலும் வெப்பம், தட்பம் என இரண்டாகக் கொள்ளப்படும். உண்ட பொருள் செரித்தபின் எய்தும் மாற்றம் விபாகம். மிகுந்த தோடத்தை எதிர்க்குணமுடைய பொருளால் தணித்தலே சிகிச்சையின் அடிப்படை விதி.

இக்கோட்பாட்டில் மேலோட்டமாக நோக்குவோர் காணத்தவறும் இரு கூறுகள் உள்ளன. முதலாவது, அறியும் முறை பற்றியது. சுவை நாவிற் பட்டவுடன் அறியப்படும் எனவும், விபாகம் இறுதி விளைவைக் கொண்டே உய்த்துணரப்படும் எனவும், வீரியம் நாவிற் பட்டது முதல் உடலில் தங்கியிருக்குங் காலம்வரை அறியப்படும் எனவும் சரகசங்கிதை வரையறுக்கின்றது. புலனனுபவமும் விளைவுமே இங்கு அளவைகளாகின்றன. மறைமொழியின் அதிகாரம் அவ்விடத்து வேண்டப்படவில்லை.

இரண்டாவது, விதியும் விலக்கும் பற்றியது. கார்ப்புச் சுவையுடைய பொருள் செரித்தபின்னும் கார்ப்பாதலே பொதுவிதி. ஆனால் சுக்கும் திப்பிலியும் கார்ப்பாயிருந்தும் இனிப்பு விபாகம் எய்துவன என நூல்கள் குறிக்கின்றன. புளிப்பு வெப்பந் தருவதென்பது பொதுவிதி. நெல்லிக்கனியோ புளிப்பாயிருந்தும் குளிர்ச்சியானது. கொடிவேலியும் தந்தியும் சுவை, வீரியம், விபாகம் மூன்றாலும் ஒத்தவை. எனினும் தந்தி பேதியாக்கும், கொடிவேலி அவ்வாறு செய்யாது. பொதுவிதிகளால் விளக்கவியலாத இத்தகைய விளைவுக்கே பிரபாவம் எனப் பெயரிட்டனர். கோட்பாடு அனுபவத்தோடு முரண்பட்டபோது அவர்கள் அனுபவத்தை மறைத்துவிடவில்லை; அதற்கெனத் தனியிடம் ஒதுக்கினர். காரணம் விளங்காத ஒன்றை விளங்காததெனவே குறித்துவைத்த இந்நேர்மை அறிவியல் வரலாற்றில் மதிக்கத்தக்கது. எனினும், பெயரிட்டதையே விளக்கமாகக் கருதி அமைதியடைந்தமை பிற்கால மரபின் தேக்கத்துக்கும் வழிவகுத்தது என்பதை நாம் மறுத்தலாகாது.

3

இவ்வறிவு எங்கிருந்து வந்தது? மூலிகைகளின் பெயரையும் உருவையும் ஆட்டிடையர், மாட்டிடையர், காடுறை மக்கள் ஆகியோர் அறிவர் எனச் சரகசங்கிதையே ஏற்றுக்கொள்கின்றது. பயன்படுத்தும் முறையை அறிந்தவனே மருத்துவன் என அது தொடர்ந்து கூறினும், மூல அறிவு உழைக்கும் மக்களுடையது என்னும் ஒப்புதல் தெளிவாகவே உள்ளது. மறுபுறம், மனுதரும நூல் வைத்தியனிடம் உணவு கொள்ளலாகாது என விலக்குகின்றது. பிணியாளரின் சாதி நோக்காது உடலைத் தொட்டு ஆராய வேண்டிய தொழில், தூய்மை–தீட்டு என்ற பாகுபாட்டிலே தங்கிநின்ற சமூக அமைப்புக்கு உவப்பாயிருத்தல் இயலாது. தேவிபிரசாத் சட்டோபாத்யாய 1977 இல் வெளியிட்ட பண்டைய இந்திய அறிவியலும் சமூகமும் பற்றிய நூலில் இம்முரண்பாட்டை விரிவாக ஆராய்ந்து, மருத்துவ நூல்களின் பொருள்முதல்வாத உள்ளீட்டின்மீது வைதிகக் கருத்துகள் பின்னர் ஏற்றப்பட்டன என வாதிட்டார். அவரது முடிவுகள் சில விவாதத்துக்குரியன. ஆயினும் அவர் எழுப்பிய வினா இன்றும் தவிர்க்கவியலாதது.

4

கிரேக்க மருத்துவத்தின் வழிவந்து அரபு மொழியில் வளர்ந்த யூனானி மரபும் பொருள்களை வெப்பம், தட்பம், ஈரம், வறட்சி என வகுத்து, ஒவ்வொன்றையும் நான்கு படிகளில் அளவிட்டது. 1037 இல் மறைந்த இப்னு சீனாவின் ‘கானூன்’, மருந்தின் இயல்பை அனுபவத்தாற் சோதிப்பதற்கு ஏழு விதிகளை வகுத்துள்ளது. எதிரெதிரான நோய்களில் மருந்தைச் சோதித்தல், விளைவு எப்போதும் ஒரே வகையாக நிகழ்கின்றதா எனக் காணுதல், மனித உடலிற் சோதித்தல் என்பன அவற்றுட் சில. நாற்குணங்களால் விளக்கவியலாத செயலைப் பொருளின் முழுமையிலிருந்து எழும் ‘காஸிய்யத்’ என அம்மரபு குறித்தது. பிரபாவமும் காஸிய்யத்தும் ஒரேவகைச் சிக்கலுக்கு இரு சமூகங்கள் கண்ட ஒத்த விடைகளாகும். இவ்விரு மரபுகளும் ஒன்றையொன்று அறியாமலும் இருக்கவில்லை. அப்பாசியர் காலத்திற் சரகர், சுசுருதர் நூல்கள் அரபு மொழிக்குச் சென்றன. 850 அளவில் தபரி இயற்றிய ‘பிர்தௌசுல் ஹிக்மா’ இந்திய மருத்துவத்துக்கெனத் தனிப்பகுதியே கொண்டுள்ளது.

இத்தொடர்பை நிலைநிறுத்தியது வணிகம். சரகரும் சுசுருதரும் குறிப்பிடாத அபின், முஸ்லிம் உலகத் தொடர்பின் பின்னரே இந்திய மருத்துவ நூல்களில் இடம்பெறுகின்றது. போத்துக்கேயர் வருகையையொட்டிப் பரவிய பறங்கிப்புண்ணையும், அதற்கு மருந்தாகக் கொள்ளப்பட்ட பறங்கிப்பட்டையையும் 16 ஆம் நூற்றாண்டைச் சார்ந்த பாவப்பிரகாசம் குறிக்கின்றது. புதிய நோயும் புதிய சரக்கும் வந்தபோது, பழைய குணப்பாகுபாடு அவற்றை உள்வாங்கிக்கொண்டது. தமிழ்ச் சித்தர் மரபிலும், மக்கா சென்று திரும்பியதாகக் கூறப்படும் இராமதேவர் ‘யாக்கோபு’ என்ற பெயருடன் வைத்திய நூல்களுக்கு ஆசிரியராகப் போற்றப்படுகின்றார். கதையின் உண்மை எவ்வாறாயினும், அக்கதையை வேண்டிநின்ற ஒரு சமூகத் தொடர்பு இருந்தது என்பது உறுதி.

ஈழத்தில் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய தமிழ் வைத்திய நூல்கள் யாழ்ப்பாண அரசர் பெயரால் வழங்குகின்றன. 1626 இல் போத்துக்கேயர் தம் ஆட்சிப்புலத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டியரசன் செனரத் அவர்களுட் பெருந்தொகையினரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான். ஏற்கெனவே அங்கு வாழ்ந்தோரோடு அவர்களும் சேர்ந்து, தமிழ் பேசும் உழவரோடும் மீனவரோடும் ஒரே வயல்வெளியிலும் கடற்கரையிலும் உழைத்தனர். மண்ணும் மழையும் மீனும் மூலிகையும் நோயும் பொதுவாயின. அவற்றைப் பற்றிய சொல்லும் பொதுவாயிற்று. கருஞ்சீரகத்தையும் தேனையும் நபிமொழி வழியாகப் போற்றும் வீட்டில், சுக்கும் திப்பிலியும் சித்தமருத்துவக் குணங்கொண்டு வழங்குவதன் வரலாற்று நியாயம் இதுவே.

5

இப்பொதுமை பின்னர் எவ்வாறு பிரிக்கப்பட்டது? 1929 இல் கொழும்பு பொரளையில் திறக்கப்பட்ட சுதேச வைத்தியக் கல்லூரி ஆயுர்வேதம், சித்தம், யூனானி என்ற பிரிவுகளாகக் கல்வியை அமைத்தது. 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டமோ சித்தத்தையும் யூனானியையும் ‘ஆயுர்வேதம்’ என்ற பெயருக்குள்ளேயே அடக்கிற்று. குடியேற்ற ஆட்சியிற் புறக்கணிக்கப்பட்ட மருத்துவத்துக்கு அரச ஏற்பு கிடைத்தமை முற்போக்கான நிகழ்வே. அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின் ஏற்பு பெற்றது ஏடும் பட்டமும் சார்ந்த அறிவு. பிரசவம் பார்த்த மருத்துவிச்சியின் அறிவும், சரக்கு அரைத்த பெண்களின் அறிவும் பாடத்திட்டத்தின் புறத்தே நின்றன. எழுத்தறிவு பெற்ற ஆண்களின் மரபு ‘சாத்திரம்’ எனவும், உழைக்கும் பெண்களின் மரபு ‘கைமருந்து’ எனவும் தரம் பிரிக்கப்பட்டன. 1980களின் நடுப்பகுதி முதல் இக்கரையோரத்தில் மூண்ட இனவன்முறையும் போரும் அயலூர்களுக்கிடையிலான அன்றாடப் போக்குவரத்தைச் சிதைத்தமையை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

6

இனி, இம்மரபை இன்று மதிப்பிடுவது எவ்வாறு? இரு சான்றுகள் வழிகாட்டும். 1921 இல் காந்தி திறந்துவைத்த டில்லி ஆயுர்வேத யூனானி திப்பியாக் கல்லூரி, ஹக்கீம் அஜ்மல் கானின் முயற்சியால் உருவானது. அங்குப் பணியாற்றிய வேதியியலாளர் சலீமுஸ்ஸமான் சித்தீக்கி, 1931 இல் சர்ப்பகந்தா வேரிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்கு ‘அஜ்மலின்’ எனப் பெயரிட்டார். 1952 இல் அதே வேரிலிருந்து சுவிற்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர் இரெசர்ப்பினைப் பிரித்தெடுத்தனர். குருதியழுத்தத்துக்கும் உளநோய்க்கும் அது மருந்தாயிற்று. பழைய மரபு சுவையாலும் வீரியத்தாலும் விளக்கமுடியாமல் விட்ட செயலுக்கு வேதியியல் விளக்கந் தந்தது. அதேவேளை, தலைமுறைகளாகத் திரண்ட மக்களறிவு பன்னாட்டு நிறுவனத்தின் விற்பனைப் பண்டமாகவும் மாறிற்று.

மற்றையது ஈச்சுரமூலி. பாம்புக்கடிக்கு நெடுங்காலம் வழங்கிய இம்மூலிகையின் இனத்தைச் சார்ந்த செடியொன்று, 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல்மெலிவதற்கான மருந்திற் சேர்ந்து, பல பெண்களின் சிறுநீரகங்களை அழித்தது. இவ்வினச் செடிகளிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் மனிதரிற் புற்றுநோய் விளைவிப்பதென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. பல்லாண்டு கழித்து வெளிப்படும் நஞ்சை நாவோ தனியொரு மருத்துவனின் நினைவோ கண்டுகொள்ளல் இயலாது. அதற்குப் பெருந்தொகையினரிடமிருந்து திரட்டிய பதிவும் கணிப்பும் வேண்டும். பழைமை ஒன்றே பாதுகாப்புக்குச் சான்றாகாது என்பதை இது ஐயத்துக்கிடமின்றி உணர்த்துகின்றது.

ஆகவே, பழைமையெல்லாம் பொன்னெனப் போற்றும் மீட்புவாதமும், அனைத்தும் மூடநம்பிக்கையெனத் தள்ளும் பார்வையும் ஒருங்கே மறுக்கத்தக்கன. திரவியகுணக் கோட்பாட்டின் பூதக் கொள்கை அதன் காலத்துக்குரியது. அதனுள் திரண்டுள்ள அனுபவம் சோதனைக்குரியது. மருதமுனை, பாண்டிருப்பு, பெரியநீலாவணை முதலிய ஊர்களின் மூத்த பெண்களிடமும் பரிசாரிமாரிடமும் எஞ்சியுள்ள அறிவை, இன எல்லை கடந்து, சொல்லும் பொருளும் அளவும் பிழையாதவாறு பதிவுசெய்தல் உடனடிப் பணியாகும். மொழியியலாளரும் தாவரவியலாளரும் மருத்துவரும் கூடிச்செய்யவேண்டிய இப்பணியில், அறிவை வழங்கும் மக்கள் வெறுந் தகவலாளராகக் கொள்ளப்படாது, ஆய்வின் பங்காளராகவும் அதன் பயனுக்கு உரியோராகவும் கொள்ளப்படல் வேண்டும்.