கோலும் குழியும் மூலைவிட்டமும்

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியிலே பழைய காணி உறுதி ஒன்று இருக்கிறது. என் தாய்வழிப் பேரனார் வாங்கிய தோட்டக் காணிக்குரியது. ஓரங்களைக் கறையான் அரித்துவிட்ட அந்தத் தாளிலே காணியின் பெயரும், நாற்றிசை எல்லைகளும், இத்தனை பரப்பு இத்தனை குழி என்ற கணக்கும் எழுதப்பட்டிருக்கின்றன. பழந்தமிழ் அளவைப் பெயர்களைப் படிப்பித்த ஒருநாள் அதை வகுப்புக்கு எடுத்துச் சென்று மாணவருக்குக் காட்டினேன். பின் வாங்கிலிருந்த ஒருவன் எழுந்து, “சேர், குழி எண்டால் கிடங்குதானே? காணிக் கணக்கிலை கிடங்கு ஏன் வந்தது?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. கேள்வி என்னவோ நல்ல கேள்விதான்.

நேயர்களே, இந்தக் குழி தோண்டுகிற குழி அன்று. ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் கொண்ட சதுர நிலமே குழி. பத்துக் கோல் நீளமும் எட்டுக் கோல் அகலமுமான வயல் எண்பது குழி. நீளத்தை அகலத்தாற் பெருக்கினால் பரப்பு என்று இன்று நாம் கரும்பலகையில் எழுதும் விதியை, நம் முன்னோர் கோலைக் குழியாக மாற்றுவது என்று கண்டனர். திண்ணைப் பள்ளியிலே பிள்ளைகள் மனனம் செய்த எண்சுவடியில் ‘குழிமாற்று’ என்றே ஒரு வாய்பாடு உண்டு. ஓர் எண்ணை அதே எண்ணாற் பெருக்கி வருவதை இன்று வர்க்கம் என்கிறோம். அவர்கள் அதைக் குழி என்றனர். முழு எண்களுக்குப் பெருங்குழி, பின்னங்களுக்குச் சிறுகுழி. வள்ளுவர் எண்ணையும் எழுத்தையும் கண்களாகச் சொன்னதை நாம் மேடைதோறும் எடுத்துரைக்கிறோம். அந்த எண் வெறும் எண்ணாக அன்றி நிலமாகவும் நெல்லாகவும் பயிலப்பட்டது என்பதை மறந்துவிடுகிறோம்.

நிலம் அளக்கும் கோல் அரசின் கையிலும் இருந்தது. முதலாம் இராசராசன் காலத்தில், கி.பி. 1001 அளவில், சோழநாடு அளக்கப்பட்டது. முதலாம் குலோத்துங்கன் 1086இல் மீண்டும் அளப்பித்தான். அளந்த கோலுக்கு ‘உலகளந்த கோல்’ என்று பெயர். வாமனனாய் வந்து மூவடியால் உலகை அளந்த திருமாலின் பெயர் வரி வாங்கும் கோலுக்குச் சூட்டப்பட்டதிலே ஓர் அழகும் உண்டு, ஓர் அச்சமும் உண்டு. அக்காலத்திலே வேலியின் 5,242 கோடியே 88 இலட்சத்தில் ஒரு பங்கு வரை நிலம் கணக்கிடப்பட்டிருப்பதைக் கல்வெட்டு ஆய்வாளர் வியந்து எடுத்துக்காட்டுவர். பன்னிரண்டடிக் கோலால் அளந்த குழி 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. இந்தத் தஞ்சாவூர் வழக்குப்படி ஒரு வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர். அதை 5,242 கோடியே 88 இலட்சத்தால் வகுத்துப் பாருங்கள். அரைச் சதுர மில்லிமீற்றர் அளவே மிஞ்சும். ஒரு கடுகை வைக்கவும் அது போதாது.

எந்தக் கோலாலும் இவ்வளவு சிறு நிலத்தை அளக்க முடியாது. அப்படியானால் அது எங்கிருந்து வந்தது? அளவையிலிருந்து வரவில்லை, பெருக்கலிலிருந்து வந்தது. நீளத்திலே ஒரு பின்னம், அகலத்திலே ஒரு பின்னம், இரண்டையும் சிறுகுழி வாய்பாட்டால் பெருக்கும்போது பின்னத்தின் பின்னம் தோன்றும். கணக்கன் அதையும் விடாமல் எழுதினான். அவனுடைய நேர்மையை நாம் போற்றலாம். ஆனால் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். நுட்பமாகப் பெருக்கிய கணக்கு எல்லாம் சரியான கணக்கு ஆகிவிடாது. பெருக்குவதற்கு முன் எதை அளந்தோம் என்பதிலே பிழை இருந்தால், கடைசிப் பின்னம் வரை எழுதினாலும் பிழை பிழைதான்.

அந்தப் பிழை எங்கே புகுகிறது என்று பார்ப்போம். செவ்வக வயலுக்கு நீளமும் அகலமும் போதும். ஆனால் உலகத்திலே எத்தனை வயல் செவ்வகம்? வாய்க்கால் வளைகிறது, ஒழுங்கை கோணுகிறது, அண்ணன் தம்பி பங்கு பிரிக்கையிலே வேலி சாய்கிறது. நான்கு பக்கமும் நான்கு நீளமாயுள்ள காணிக்குப் பண்டை உலகம் ஓர் எளிய வழி கண்டது. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கு. கிடைத்த இரண்டு பாதிகளையும் பெருக்கு. மெசப்பொத்தேமியாவின் களிமண் ஏடுகளிலே இந்த வழி காணப்படுகிறது. எகிப்திலே, தாலமி மன்னர் காலத்தில் எழுந்த எட்ஃபு நகரத்து ஹோரஸ் கோயிலின் சுவரிலே, கோயிலுக்கு விடப்பட்ட நிலங்களின் பட்டியல் இந்த வழியாலேயே கணக்கிட்டுச் செதுக்கப்பட்டுள்ளது. முக்கோணி வடிவ நிலம் வந்தால் நான்காம் பக்கம் ‘இல்லை’ என்று வைத்து அதே விதியைப் பிரயோகித்திருக்கிறார்கள்.

இந்த விதியில் என்ன குறை? வகுப்பிலே நான் செய்து காட்டியதை நீங்களும் வீட்டிலே செய்து பார்க்கலாம். பதின்மூன்று அங்குலத்தில் நான்கு ஈர்க்குகளை வெட்டி, மூலைகளை நூலாற் கட்டுங்கள். நேராக நிறுத்தினால் சதுரம். பரப்பு 169 சதுர அங்குலம். இப்பொழுது எதிர்மூலைகள் இரண்டைப் பிடித்து மெல்ல இழுங்கள். ஈர்க்கு நீளவில்லை, குறுகவில்லை, சதுரம் சாய்சதுரமாகிறது. ஒரு மூலைவிட்டம் 24 அங்குலமாகவும் மற்றது 10 அங்குலமாகவும் வரும் நிலையில் நிறுத்துங்கள். சாய்சதுரத்தின் பரப்பு மூலைவிட்டங்களின் பெருக்கத்தில் பாதி. ஆகவே இப்பொழுது உள்ளே இருப்பது 120 சதுர அங்குலம் மட்டுமே. ஆனால் எட்ஃபு விதி இன்னும் 169 என்றே சொல்லும். ஈர்க்கைக் கோலாக நினைத்துக்கொண்டால், இல்லாத 49 குழிக்கும் உழவன் வரி கட்டவேண்டும். வாங்குபவன் விலை கொடுக்கவேண்டும்.

சில காணியில் கூடும், சில காணியில் குறையும், சராசரியில் சரிவரும் என்று ஒருவர் ஆறுதல் சொல்லக்கூடும். அப்படியும் இல்லை. இரண்டு பக்கங்களின் நீளம் மாறாதிருக்கும்போது, அவை கூடும் மூலை செங்கோணமானால் மட்டுமே அவற்றால் அமையும் முக்கோணி மிகப் பெரியதாகும். அப்பொழுது அதன் பரப்பு அவ்விரு பக்கங்களின் பெருக்கத்திலே பாதி. மூலை விரிந்தாலும் ஒடுங்கினாலும் பரப்பு குறையும். நாற்பக்கல் ஒன்றை ஒரு மூலைவிட்டத்தால் பிளந்தால் இரண்டு முக்கோணிகள். மற்ற மூலைவிட்டத்தால் பிளந்தால் வேறு இரண்டு. நான்கையும் கூட்டினால் காணியின் பரப்பு இருமடங்காகும். நான்கில் எதுவும் தன் இரு பக்கப் பெருக்கத்தின் பாதிக்கு மேற்போகாது. ஆகவே பக்கச் சராசரிக் கணக்கு உண்மைப் பரப்புக்குக் கீழே ஒருநாளும் வராது. செவ்வகத்திலே சரியாகும், மற்ற எல்லாவற்றிலும் கூட்டியே சொல்லும். அளக்கிறவன் வஞ்சகம் நினையாவிட்டாலும் விதி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது.

இதைப் பாரதத்துக் கணித ஆசிரியர்கள் அறிந்திருந்தனர். கி.பி. 628இல் ‘பிராம்ம ஸ்புட சித்தாந்தம்’ இயற்றிய பிரமகுப்தர் இந்தச் சராசரி வழியைச் சொல்லி, இது பருமட்டான கணக்கு என்று பெயரும் இட்டார். அடுத்து, நுட்பமான கணக்கு என்று நான்கு பக்கங்களை மட்டுமே கொண்ட வேறொரு சூத்திரத்தைத் தந்தார். வட்டத்துக்குள்ளே நான்கு மூலையும் பொருந்தும் நாற்பக்கலுக்கு அது முற்றிலும் சரி. மற்றவற்றுக்குச் சரிவராது. ஐந்நூறு ஆண்டு கழித்து, 1150இல் ‘லீலாவதி’ எழுதிய பாஸ்கரர் இந்த இடத்திலே சினந்து பேசுகிறார். மூலைவிட்டமோ செங்குத்தோ தராமல் நாற்பக்கலின் பரப்பைக் கேட்பவன் ஒரு பிசாசு, விடை சொல்ல முற்படுபவன் அவனிலும் மோசமானவன் என்பது அவர் கருத்து. கணித நூலிலே இத்தனை சூடு ஏன் என்று முன்பு நினைத்ததுண்டு. ஈர்க்குச் சதுரத்தைச் சாய்த்துப் பார்த்தபின் அந்தச் சூடு நியாயமாகவே பட்டது. பக்கங்கள் நான்கும் தெரிந்தும் காணி தெரியாது. குறுக்கே ஒரு கயிறு பிடித்தாற்றான் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், கடினம் என்று தோன்றும் வட்டத்திலே முன்னோர் தவறவில்லை. சுற்றளவிலே பாதியை விட்டத்திலே பாதியாற் பெருக்கினால் வட்டத்தின் குழி வரும் என்று 499இல் ஆரியபடர் சொன்னார். நம் பழந்தமிழ்க் கணக்குப் பாடல்களும் அதையே சொல்கின்றன. சுற்றளவைக் காணவும் தமிழிலே ஒரு வழி உண்டு: விட்டத்தை ஏழு பங்காக்கி, அத்தகைய நான்கு பங்கைக் கூட்டி, வந்ததை இரட்டிப்பது. ஏழும் நான்கும் பதினொன்று, இரட்டித்தால் இருபத்திரண்டு. ஏழுக்கு இருபத்திரண்டு என்ற, நாம் பள்ளியிலே படித்த அதே விகிதம். வட்டத்துக்கு ஒரே வடிவந்தான். ஈர்க்கைப்போல் அதைச் சாய்க்க முடியாது. நாற்பக்கல்தான் நம்மை ஏமாற்றும்.

கோலை நம்பாமல் வேறொரு வழியும் நம் நாட்டிலே இருந்தது. மட்டக்களப்புப் பக்கத்திலே வயலை அவணக் கணக்கிலே சொல்வார்கள். இத்தனை அவணம் நெல் விதைக்கும் நிலம் என்பது பொருள். யாழ்ப்பாணத்து உறுதிகளிலே ‘இலாச்சம்’ வரும்போது வரகுக்கா நெல்லுக்கா என்றும் சேர்த்தே எழுதுவர். வரகு இலாச்சம் பதினாறு கொண்டது ஓர் ஏக்கர். நெல் இலாச்சமோ இருபத்துநான்கு. பெயர் ஒன்று, நிலம் வேறு; காரணம் விதை. விதைக்கிறவன் கைக்கு மூலை செங்கோணமா என்ற கவலை இல்லை. காணி எவ்வளவு கோணினாலும் உள்ளே இருக்கும் மண்ணுக்கு ஏற்றபடியே விதை செல்லும். மண்ணின் வளமும் விதைப்பவன் கையும் மாறினால் கணக்கும் மாறும் என்பது உண்மையே. ஆனாலும் கோல் செய்யும் பிழையை விதை செய்வதில்லை.

இவை பழங்கதை என்று யாரும் எண்ணவேண்டாம். 2009இல் போர் முடிந்தபின், இடம்பெயர்ந்த பலர் தங்கள் ஊர்களுக்குத் திரும்பியபோது கிளுவை வேலியும் இல்லை, பூவரசும் இல்லை. எல்லைக் கற்கள் புதருக்குள்ளே புதைந்திருந்தன. கையிலே உறுதி இருந்தவர்களுக்கும் அதிலே இருந்தவை பரப்பும் குழியும் அயற்காணிக்காரர் பெயர்களுமே. நான்கு பக்க நீளத்தை நினைவில் வைத்திருந்தவர்கள் கூட, அந்த நான்கும் எந்த மூலையிலே எப்படிக் கூடின என்பதைச் சொல்லத் தடுமாறினார்கள். அளவையாளர் வரைபடம் ஒன்று வீட்டிலே பத்திரமாக இருந்திருந்தால் எத்தனை மனக்கசப்பு தவிர்ந்திருக்கும்!

அந்த மாணவனுக்குக் குழிக்கு விளக்கம் சொன்ன நாளிலே இன்னொன்றும் சொன்னேன். எங்கள் ஊரிலே வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும் மேசன் நூல் கட்டி நான்கு பக்கமும் அளப்பார். அதோடு விடமாட்டார். மூலைக்கு மூலை குறுக்கே நூல் பிடித்து, இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பார். ஒத்துவந்த பின்புதான் மண்வெட்டியைத் தொடுவார். பாஸ்கரரின் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்கமாட்டார். பாஸ்கரர் சினந்து கேட்ட அதே நூலைத்தான் அவர் பிடித்தார்.

மறுநாள் அந்தப் பையன் என்னிடம் வந்தான். “சேர், அப்புவோடை சேர்ந்து எங்கடை வளவிலை மூலைக்கு மூலை கயிறு பிடிச்சனான். ரெண்டும் ஒண்டா வரேல்லை” என்றான். வருத்தப்படாதே, அந்த இரண்டு அளவையும் எழுதி உறுதியோடு வைத்துக்கொள் என்றேன்.