பற்றீரியா வளர்ப்பூடகங்களும் ஏகாரின் வருகையும்

நெருப்புக்காய்ச்சல் கண்ட ஒருவரின் மலத்தில் அந்நோய்க்குரிய பற்றீரியா தனித்துக் காணப்படுவதில்லை. குடலில் இயல்பாக வாழும் எண்ணற்ற பற்றீரியாக்களோடு அது கலந்தே இருக்கும். நுணுக்குக்காட்டியின் கீழ் அவற்றுட் பல ஒரே விதமான சிறு கோல்களாகத் தோன்றும். அவற்றைப் பிரித்தறிய வேண்டின் முதலில் அவற்றைத் தனித்தனியே வளர்த்தல் வேண்டும்.

பாஸ்ரர் பெரிதும் கையாண்டவை திரவ ஊடகங்கள். ஒரு குடுவைச் சாற்றிற் பத்து வகைப் பற்றீரியாக்கள் விழுந்தால் பத்தும் கலந்தே பெருகும். அவித்த உருளைக்கிழங்கின் வெட்டுமுகத்திலோ அவை இடம்பெயர இயலாது ஆங்காங்கே தனித்தனித் திட்டுகளாக வளர்ந்தன. இதன் பொருளை நன்குணர்ந்தவர் றொபேட் கொக். ஆயினும் நோய் விளைக்கும் பற்றீரியாக்கள் பல கிழங்கில் வளர மறுத்தன. ஆகவே அவர் இறைச்சிச் சாற்றைச் செலற்றின் கொண்டு உறையவைத்து, அம்முறையை 1881ஆம் ஆண்டு இலண்டன் மருத்துவ மாநாட்டிற் செய்து காட்டினார். ஆங்கிருந்த பாஸ்ரரும் அதனைப் பாராட்டினார்.

ஆனாற் செலற்றின் 37 பாகை வெப்பத்தில் உருகிவிடும்; சில பற்றீரியாக்கள் அதனையே சமித்து நீராக்கிவிடும். காற்றிலுள்ள நுண்ணுயிர்களை ஆராய்ந்த ஜேர்மன் மருத்துவர் வால்ரர் ஹெசேயின் ஊடகங்களும் கோடையில் உருகின. அவர் மனைவி ஃபானி ஹெசே சமைத்த பழக்களிகளோ அவ்வெப்பத்திலும் உறைந்தே இருந்தன. காரணம் வினவியபோது, தாம் சேர்ப்பது ஏகார் என்றார் அவர். நியூயோர்க்கில் வாழ்ந்த காலத்தில், யாவாவிலிருந்து வந்த ஒல்லாந்த அயலவரிடம் அவர் கற்ற பக்குவம் அது. (நோன்புக் காலத்தில் நம் நாட்டு முஸ்லிம் இல்லங்களிற் காய்ச்சப்பெறும் ‘கடற்பாசி’யும் இதுவே.) கொதிநிலையை அண்மித்து உருகும் ஏகார், ஏறத்தாழ 40 பாகைக்குக் கீழ் ஆறினாலன்றி உறையாது, உறைந்தபின் எளிதில் இளகாது. அதனைச் சமிக்கவல்ல பற்றீரியாக்களும் மிகச் சிலவே.

1882இற் கொக் வெளியிட்ட காசநோய்க் கட்டுரையில் ஏகார் குறிப்பிடப்படுகின்றது. ஹெசே தம்பதியர் பெயர் இல்லை. 1887இல் தட்டையான மூடுகிண்ணத்தை விவரித்த பெத்திரியின் பெயர் ஆய்வுகூடந்தோறும் வழங்குகின்றது. ஃபானி ஹெசேயின் பங்கை விரித்துரைத்த கட்டுரையோ அவர் மறைந்து ஐந்தாண்டுகள் கழித்து, 1939இலேயே வெளிவந்தது. இது நீதியான பங்கீடெனக் கொள்வதற்கில்லை.

உறைந்த தளம் கிடைத்தபின் அதிற் கலக்கும் பொருள்களைக் கொண்டே இனம் பிரிக்கும் வழி பிறந்தது. மக்கொங்கி 1905இல் விவரித்த ஊடகத்திற் பித்த உப்பும், இலற்றோசு என்னும் பால்வெல்லமும், அமிலத்திற் சிவக்கும் சாயமும் உள்ளன. பித்த உப்பு குடலுக்குப் புறம்பான பற்றீரியாக்கள் பலவற்றைத் தடுக்கின்றது. எஞ்சியவற்றுள் இலற்றோசை நொதிக்கச் செய்து அமிலம் விளைப்பவை சிவந்த திட்டுகளாகும். நெருப்புக்காய்ச்சற் பற்றீரியா இலற்றோசைத் தொடாது. அதன் திட்டுகள் நிறமற்றிருக்கும். வயிற்றுளைவுக்குரிய சில பற்றீரியாக்களும் அவ்வாறே தோன்றுமாதலின், நிறமற்ற திட்டொன்றைக் கம்பி வளையத்தால் எடுத்து மேலும் சோதித்த பின்னரே அதற்குப் பெயர் கூறுவர்.