பனைமரத்துக் குழாயும் வால்வுப் பெட்டியும்

மின்கிட்டார் ஆம்ப்ளிஃபையரின் வரலாற்றை யார் எழுதினாலும் லியோ ஃபெண்டரைத் தொடாமல் போவதில்லை. 1938-ல் 600 டாலர் கடன் வாங்கி, கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் என்னும் சிற்றூரில் அவர் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். ரேடியோ பழுது பார்த்தார், இசைத்தட்டு விற்றார், ஊர்க்கூட்டத்துக்கும் நடன நிகழ்ச்சிக்கும் தன் கையால் ஒலிபெருக்கி செய்து வாடகைக்கு விட்டார். அதாவது, கிட்டார் ஆம்ப்ளிஃபையரின் தந்தை என்று உலகம் கொண்டாடும் மனிதர் முதலில் ஒரு சவுண்ட் சர்வீஸ்காரர். புகழ்மாலைகளில் இந்தப் பகுதியை ஒற்றை வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால், அந்தக் கடையை அப்படியே தூக்கித் தூத்துக்குடியிலோ திருச்செந்தூரிலோ கோவில்பட்டியிலோ வைத்தால் நமக்கு நன்றாகத் தெரிந்த கடையாகிவிடும். ரேடியோ மெக்கானிக், ரெக்கார்டு, வால்வு செட், குழாய் ஒலிபெருக்கி, வாடகை. ஒரே தொழிலிலிருந்து அங்கே கிட்டார் பெட்டி பிறந்தது. இங்கே பனைமரத்தில் கட்டிய குழாய்க்கான பெட்டி பிறந்தது. முன்னதை வடிவமைப்பு என்கிறோம். பின்னதை ரிப்பேர் வேலை, ஒட்டுவேலை என்று தள்ளிவிடுகிறோம். இந்தப் பாகுபாடு செல்லாது என்பதே என் வாதம்.

பெட்டிக்கு முன்னால் காதைப் பார்க்க வேண்டும். மைக் வருவதற்கு முந்தைய தென்பாண்டிச் சீமையில் திறந்தவெளி ஓசை எப்படி இருக்க வேண்டும் என்பதில் ஒரு தீர்மானமான ருசி இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1867-ல் பிறந்தது தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில். அவர் நாடகங்களைப் பாடி நடித்தவர்கள் மைக் இல்லாமல் கடைசி வரிசைவரை எட்டுகிற உச்சக்குரலில் பாடினார்கள். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் அந்தப் பள்ளியின் உச்சம். கோயில் வாசலில் நாதஸ்வரம். அதிலும் கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம். கொடை விழாவில் வில்லுப்பாட்டு. எல்லாமே தொலைவுக்குப் போகிற ஓசை, நடு ஸ்தாயியும் மேல் ஸ்தாயியும் கூர்மையாக நிற்கிற ஓசை. உலோகக் குழாய் ஒலிபெருக்கிக்குத் தாழ்ந்த ஓசை வராது, குரலும் நாதஸ்வரமும் அதில் கணீரென்று வரும். அந்தக் குறையை இந்தக் கரை குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. 1962-ல் ‘கொஞ்சும் சலங்கை’ வந்து, காருகுறிச்சியின் நாதஸ்வரமும் எஸ். ஜானகியின் குரலும் சேர்ந்த பாட்டு ரெக்கார்டாகக் கிடைத்தபோது, குழாய்க்கென்றே செய்த பாட்டுப் போல அது ஒலித்தது.

பாட்டு வந்த வழியும் கவனிக்க வேண்டியது. 1952-ல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரானபின் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அருகிப்போனது. 1957-ல் விவித் பாரதி தொடங்கும்வரை அதே நிலைதான். தூத்துக்குடிக்காரர்களுக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950 முதல் தமிழ்ப் பாட்டை அள்ளி வழங்கிக்கொண்டிருந்தது. அதன் அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரல் கொழும்பைவிட இங்கே பிரபலம் என்று சொன்னால் சண்டைக்கு வர ஆள் இருக்காது. வீட்டில் ரேடியோ வைக்க வசதியில்லாதவர்கள் அதே பாட்டைக் கேட்டது கல்யாண வீட்டு, சடங்கு வீட்டுக் குழாயில்தான். ஜூலை 26-ல் கொடியேறி ஆகஸ்ட் 5-ல் முடியும் பனிமய மாதா திருவிழா, குலசேகரன்பட்டினம் தசரா, ஊருக்கு ஊர் அம்மன் கொடை, இடையிடையே கட்சிக் கூட்டம் என்று மைக் செட்டுக்கு ஓய்வே இல்லை.

தேவை இப்படிப் பெருகியபோது பொருள் கிடைப்பது அரிதாக இருந்தது. பம்பாய் மோட்வானி குடும்பத்தின் ‘சிகாகோ ரேடியோ’ காங்கிரஸ் மாநாடுகளில் பேர் வாங்கியிருந்தது; 1940-ல் தொடங்கிய அகுஜா பிறகு நாடு முழுக்கப் பரவியது. ஆனால் கம்பெனி செட் விலை அதிகம், இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வேறு. 1961-ல் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பெல்) வால்வு உற்பத்தியைத் தொடங்கியது. பெல் முத்திரை குத்திய இ.எல்.84-ஐயும் இ.சி.சி.83-ஐயும் இன்று வெளிநாட்டுக் கிட்டார் ஆம்ப்ளிஃபையர் பிரியர்கள் தேடி வாங்குகிறார்கள். அன்று நம் மெக்கானிக்குக் கவலை வேறு: போன வால்வுக்கு அதே வால்வு கிடைக்காவிட்டால் என்ன செய்வது? 807 இருந்த இடத்தில் 6எல்6 போட வேண்டும், அல்லது இ.எல்.34 போட வேண்டும். சாக்கெட் மாறும், கிரிட் பயாஸ் மாறும், சுமை ஓம் மாறும். ரெக்டிஃபையர் வால்வு தீர்ந்துபோனால் பி.ஒய்.127 டயோடு நான்கைப் பற்றவைப்பார்கள், உடனே ஹெச்.டி. எனும் உயர் மின்னழுத்தம் ஏறும், அதுவும் வால்வு சூடேறுமுன்பே பாயும், செட்டின் குரல் இறுகும். இப்படி ஒரு பொருளை மாற்றினால் ஐந்து கணக்கைத் திரும்பப் போட வேண்டும். போட்டார்கள். உப்பங்காற்றில் சாக்கெட் களிம்பேறும், காயில் அறும் ஊரில் இந்தக் கணக்கு ஓயவே ஓயாது.

இந்த வேலையின் நெஞ்சு அவுட்புட் டிரான்ஸ்பார்மர். இதைச் சற்று நின்று பார்க்கலாம். மேடையிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பனையில் குழாய் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முக்கால் சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போக அரை, வர அரை என்று ஒரு கிலோமீட்டர் ஓடும். அதன் தடை மட்டுமே சுமார் 23 ஓம். குழாயின் யூனிட் 8 ஓம். நேராக இணைத்தால் செட்டிலிருந்து புறப்படும் சக்தியில் கால்வாசிதான் குழாய்க்குப் போகும், மீதி கம்பியைச் சூடாக்கும். இதற்குத் தீர்வு 100 வோல்ட் லைன். 50 வாட் செட்டுக்கு அப்போது சுமை 200 ஓம்; கம்பியின் 23 ஓம் பத்தில் ஒரு பங்கைத்தான் தின்னும். மரத்தடியில் ஒரு லைன் மேட்சிங் டிரான்ஸ்பார்மர் அதை 8 ஓமுக்கு இறக்கிக் கொடுக்கும். எதிரெதிராக வேலை செய்யும் இரண்டு இ.எல்.34 வால்வுகள் கேட்பது ஏறக்குறைய 3,400 ஓம். 3,400-ஐ 200-ஆல் வகுத்தால் 17, அதன் வர்க்கமூலம் சுமார் 4.12. லைனில் ஒரு சுற்றுக்கு வால்வுப் பக்கம் நாலுக்குச் சற்று மேல் சுற்ற வேண்டும். இந்தக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாதது கையில் இருக்கிறது: கடையில் கிடைத்த ஸ்டாம்பிங் தகட்டின் தரம் மட்டமென்றால் எத்தனை சுற்று கூட்டுவது, இரண்டு பாதிச் சுற்றும் சமமாக வர எப்படி அடுக்குவது, நானூறு வோல்ட் தாங்க எத்தனை அடுக்குத் தாள், வார்னிஷில் எவ்வளவு நேரம் ஊறப் போடுவது. இதில் ஒன்று தவறினாலும் கொடை அன்றைக்கு ராத்திரி சாமக்கொடை நேரத்தில் செட் புகையும்.

இதற்கு ஒரு மறுப்பு உடனே எழும். சர்க்யூட் இவர்களுடையது இல்லையே? அகுஜா பெட்டியைத் திறந்து பார்த்துச் செய்ததுதானே? உண்மைதான், பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் 1962-ல் லண்டன் ஹான்வெல்லில் ஜிம் மார்ஷலின் டிரம் கடையில் என்ன நடந்தது? அமெரிக்க ஃபெண்டர் பெட்டி விலை கட்டுப்படியாகவில்லை என்று, பழுதுபார்க்கும் கென் பிரானும் இ.எம்.ஐ.யில் பயிற்சிபெற்ற இளைஞர் டட்லி க்ரேவனும் ஃபெண்டர் பாஸ்மேனின் சர்க்யூட்டை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டார்கள். உள்ளூரில் கிடைத்த டிரான்ஸ்பார்மர், முதல் வால்வாக 12ஏ.ஒய்.7-க்குப் பதில் இ.சி.சி.83, பத்து அங்குல ஸ்பீக்கருக்குப் பதில் பன்னிரண்டு அங்குல செலஸ்டியன். பிறந்தது ஜே.டி.எம்.45, ராக் இசையின் ஓசையே அதனால் மாறியது. ஃபெண்டரின் ஆரம்பச் சர்க்யூட்டுகளும் வால்வுக் கம்பெனிகளின் கையேட்டு மாதிரிகளை ஒட்டியவைதான். வால்வு ஆம்ப்ளிஃபையர் உலகில் சர்க்யூட் என்பது பொதுச்சொத்து. பாகமும் பயன்பாடும் மாறும்போது ஓசை மாறுகிறது. ஹான்வெல்லில் நடந்ததை வடிவமைப்பு என்று ஒப்புக்கொண்டு இங்கே நடந்ததை நகல் என்றால், அந்தத் தீர்ப்பு பெட்டியைப் பார்த்துச் சொன்னதில்லை, ஊரைப் பார்த்துச் சொன்னது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. கிட்டார் பெட்டிக்காரர்கள் ஓசை உடைவதை அழகாக்கினார்கள், வால்வைத் திணறவிட்டு அந்தத் திணறலில் ஒரு புதிய இசைக்கருவியைக் கண்டார்கள். மைக் செட்காரருக்குப் பேச்சு தெளிவாகக் கேட்டால் போதும், அதில் கலை எங்கே என்பார்கள். இதில் பாதி சரி. கிட்டாருக்கென்று தனிப் பெட்டி எட்டாக்கனியாக இருந்த நாளில் மெல்லிசைக் குழுவின் கிட்டாரும் மைக் செட்டில்தான் செருகப்பட்டது, அது கரகரத்தபோது யாரும் ஹெண்ட்ரிக்ஸை நினைக்கவில்லை. “செட்டு சரியில்லை” என்றுதான் திட்டினார்கள். ஆனால் பாஸ்மேனும் உடைவதற்காகச் செய்யப்பட்டதில்லை, பாஸ் கிட்டார் சுத்தமாகக் கேட்கத்தான் செய்யப்பட்டது. உடைவை ரசித்தவர்கள் வாசித்தவர்களும் கேட்டவர்களும்தான். இங்கே கேட்டவர்கள் வேறொன்றைக் கேட்டார்கள்: தூரத்துத் தெளிவு. அதற்காகத்தான் மெக்கானிக் கண்டன்சர் மதிப்பைக் குறைத்துத் தாழ் ஓசையை வெட்டினார், யூனிட்டின் டயாபிரம் கிழியாமல் காத்தார், குரல் நிற்கும் இடத்தைத் தூக்கிவிட்டார். காதை வைத்து ஓசையைத் தேர்ந்து, அதற்கேற்பப் பாகத்தை மாற்றும் வேலை இரண்டு கரையிலும் ஒன்றே. இன்று பழைய அகுஜா செட்டைக் கிட்டார் பெட்டியாக மாற்றும் இந்தியப் பொழுதுபோக்காளர்களுக்கு இது தெரியும். உள்ளீட்டுத் தடையை பத்து லட்சம் ஓம் அளவுக்கு உயர்த்தி, வெட்டிய தாழ் ஓசையைத் திருப்பி விட்டு, டயோடை எடுத்துவிட்டு ரெக்டிஃபையர் வால்வையே மறுபடி மாட்டும்போது, முன்னால் கைவைத்தவர் எடுத்த முடிவுகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் படிக்கிறார்கள்.

சத்தத்தைப் பற்றிப் பேசாமல் தப்பிக்க முடியாது. நல்ல குழாய் ஒரு வாட்டுக்கே ஒரு மீட்டர் தூரத்தில் 105 டெசிபெலைத் தாண்டும். 90 டெசிபெல் தரும் பெட்டி ஸ்பீக்கர் அதே ஓசைக்கு முப்பது மடங்கு வாட் கேட்கும். ஆக, சின்ன செட்டே ஊரை எழுப்பப் போதும். பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளும் நோயாளிகளும் பட்ட பாட்டை ரசனையின் பேரால் மறைக்கக் கூடாது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளும், 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும், கூம்பு ஒலிபெருக்கி கூடாது என்று காவல்துறை விதிக்கும் நிபந்தனையும் நியாயமானவை என்றே நினைக்கிறேன். ஒன்றைமட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: குழாய் போன இடத்தில் அமைதி வரவில்லை. ஆயிரக்கணக்கான வாட் டிரான்ஸிஸ்டர் செட்டும் ஆளுயரப் பெட்டிகளும் வந்து நெஞ்சை அதிரவைக்கின்றன. சத்தம் கூடியதற்கு வால்வைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது பொருந்தாது.

தென் மாவட்டங்களில் இன்று வால்வு செட்டையும் குழாயையும் ரெக்கார்டையும் சேகரித்துப் புதுப்பிக்கிறவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் சீனாவிலும் செய்த வால்வுகளை வாங்கிப் புதுச் சாசியில் கட்டுகிறவர்களும் உண்டு. பழைய நினைப்பில் செய்கிற வேலை என்று இதை ஒதுக்குகிறார்கள். நினைப்பும் இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் கையிலிருக்கும் பழைய டிரான்ஸ்பார்மரின் தரத்தை அளந்து, அதற்கு ஒத்துவரும் வால்வைத் தேர்ந்து, ஹெச்.டி.யை நிர்ணயிப்பதற்கு நினைப்பு மட்டும் போதாது. இவர்களிடம் நான் காணும் குறை ஒன்றே: செய்ததை எழுதி வைப்பதில்லை. ஃபெண்டரின், மார்ஷலின் ஒவ்வொரு மாதிரிக்கும் வரைபடம் இருக்கிறது, அதனால்தான் உலகமெங்கும் அவற்றைத் திரும்பக் கட்டுகிறார்கள். நம் கடைகளின் வரைபடம் அந்தந்தச் சாசிக்குள் மட்டுமே இருக்கிறது. சாசி பழைய இரும்புக் கடைக்குக் கிலோ கணக்கில் போகிறது, டிரான்ஸ்பார்மர் செம்புக்காக உடைபடுகிறது. உங்கள் ஊர் சவுண்ட் சர்வீஸின் பரணில் ஒரு வால்வு செட் கிடந்தால், விற்பதற்கு முன் மூடியைத் திறந்து நாலு பக்கமும் படம் எடுங்கள். சர்க்யூட்டை ஒரு தாளில் வரையுங்கள். டிரான்ஸ்பார்மர் ஏற்கனவே அறுந்ததென்றால் பிரித்துச் சுற்றை எண்ணிக் கம்பியின் கனத்தோடு குறித்து வையுங்கள். கட்டியவர் உயிரோடு இருந்தால் கூப்பிட்டுக் கேளுங்கள். அண்மையில் யாராவது கரண்டு கொடுத்துப் பார்த்த செட்டாக இருந்தால், கை வைக்குமுன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃபில்டர் கண்டன்சர்களை ஒரு ரெசிஸ்டர் வைத்து டிஸ்சார்ஜ் செய்துவிடுங்கள். அதில் நானூறு வோல்ட் தங்கியிருக்கும்.